துருத்திக்காரர் விருந்தில் காற்றரசன்

என் வீட்டுக்காரர் ஜெர்வாஸ் பின்ஃபோல்டு வருஷம் முழுக்க லண்டனில் ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறவர். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அரசர். நாட்டில் அரசரையே ஒழித்துவிட்ட காலம் அது. அதனால் எதற்கு அரசர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நமக்கு எதற்கு வம்பு. துருத்தி செய்வோர் சங்கம் புதுத் தலைவரை அமர்த்தும் விருந்தில், மான்கறிக்கும் இனிப்புக்கும் நடுவே, அவர் காற்றுக்கு அரசர். முதுகில் வாத்திறகுச் சிறகு, முகத்தில் கன்னம் உப்பிய முகமூடி, கையில் வெள்ளிப் பூச்சுத் துருத்தி. புதுத் தலைவர் முன்னால் வந்து நின்று அவரைப் புகழ்ந்து பாட்டாகப் பேச வேண்டும். அந்தப் பாட்டை எழுதுகிறவரும் என் வீட்டுக்காரர்தான், சிறகைத் தைக்கிறவள் நான்.

நாடகக் கொட்டகைகள் திறந்திருந்த நாளில் அவர் நடிகர். நான் அவரை முதன்முதலில் பார்த்ததே பாவாடையில்தான். மீசை முளைக்காத வயது, ராணி வேஷம் கட்டுவார். அந்த ராணிக்குப் பாவாடை தைத்தவள் நான். இடுப்பளவு எடுக்கும்போது, “கொஞ்சம் மூச்சுக்கு இடம் விடு, டாமரிஸ். கடைசிக் காட்சியில நான் சாகணும்” என்றார். சும்மா சொல்லக்கூடாது, செத்துப்போகிற காட்சியில் கொட்டகையே அழுதது. பிறகு மீசை வந்தது, கல்யாணம் வந்தது, அடுத்து நாட்டுக்குள்ளேயே சண்டை வந்தது. அரசரோடு நாடகத்தையும் சேர்த்து ஒழித்தார்கள். கொட்டகையைப் பிரித்து மரத்தை விற்றார்கள். மேடையில் ஒரு வரி பேசினாலும் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். மிச்சமிருந்தது இந்தச் சங்கத்து விருந்து ஒன்றுதான். அது நாடகமில்லை, மரியாதை. மரியாதைக்குத் தடை இல்லை.

அதிலும் மண் விழப் பார்த்தது ஒரு வருஷம். அடுத்த தலைவராக வரவேண்டியவர் கிரிம்வேடு. மூத்த துணைத்தலைவர், மொரமொரவென்று கறுப்புச் சட்டை போடுகிறவர், சிரித்தால் பல் கொட்டிவிடும் என்பதுபோல் வாயைக் கட்டியே வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிரசங்கம் கேட்டு, திங்கட்கிழமை அதையே வேலைக்காரர்களுக்குத் திருப்பிச் சொல்வார் என்று கேள்வி. இறகு கட்டிக்கொண்டு ஒருவன் வந்து மனிதனைப் புகழ்வது கொட்டகை நாற்றம் என்றும், அந்த இடத்தில் வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிக்கலாம் என்றும் அவர் சபையில் பேசினார். பாதிப்பேர் சரி என்றார்கள், பாதிப்பேர் கூடாது என்றார்கள். கடைசியில், இந்த விருந்தில் வழக்கம்போல் நடக்கட்டும், இனிமேல் வேண்டுமா வேண்டாமா என்பதைப் புதுத் தலைவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதாவது முடிவு கிரிம்வேடு கையில்.

சபையில் கோல் தட்டி அறிவிக்கிற கோல்காரர்தான் வந்து இந்தச் சேதியைச் சொன்னார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் மிச்ச நாளெல்லாம் ஆணி நிறுத்தார் என்பது எனக்குத் தெரியும். அது போனால் அவர் சாப்பிடுவார், தூங்குவார், நடமாடுவார். ஆனால் நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள் இருக்கமாட்டார். அவரோ பாலாடைக்கட்டியைக் கத்தியால் சீவிக்கொண்டே சொன்னார்:

“ஒரே ஒரு தடவை என்னைப் பேச விடட்டும். அப்புறம் எனக்குப் பாட்டு எங்கேன்னு அவரே வந்து கேப்பாரு பாரு.”

“கேப்பாரு, கேப்பாரு. உன் சிறகைப் பிடுங்கித் தலையணை தைக்கச் சொல்லுவாரு.”

“தைச்சாலும் அந்தத் தலையணையில படுத்துட்டு என் வரியைத்தான் முணுமுணுப்பாரு.”

இந்தத் திமிர்தான் எனக்குப் பிடித்தது, சில நாள் எரிச்சலும் மூட்டியது.

பாட்டு எழுதத் தொடங்கினார். ஆணிக்குப் பதில் சொல்லை நிறுப்பதுபோல் தராசுக்கு முன்னாலும் உதடு அசைந்துகொண்டே இருந்ததாகக் கடைக்காரர் வந்து புகார் சொன்னார். வாரக் கடைசியில் எனக்குப் படித்துக் காட்டினார்:

கப்பல்கள் நூறு கரையேற வைத்தவரே,
ஒப்பில்லாப் பண்டகம் ஓங்க வளர்த்தவரே!

கிரிம்வேடுக்கு ஒரு கப்பலில் கால் பங்கு இருக்கிறது என்று கேள்வி, மற்ற கப்பல்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். பாட்டில் ஒரு கப்பல் மிதக்காது, நூறு இருந்தால்தான் மிதக்கும் என்றார். பணக்காரரைப் பணத்தில்தான் தொட வேண்டும் என்பது அவர் கணக்கு. நானும் ஒப்புக்கொண்டேன்.

விருந்தின் சடங்கைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. யார் புதுத் தலைவர் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் தெரியாததுபோல் ஒரு விளையாட்டு உண்டு. பழைய தலைவர் மலர்முடியைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக நடப்பார். ஒவ்வொருவர் தலையிலும் வைத்துப் பார்ப்பார். சின்னதாக இருக்கிறது, பெரியதாக இருக்கிறது, கோணலாக இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்குவார். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் உரியவர் தலையில் வைத்து, “பொருந்தியது” என்பார். அந்தச் சொல் விழுந்ததும் கோல்காரர் கோலைத் தரையில் தட்ட வேண்டும், எக்காளம் ஊத வேண்டும், காற்றரசன் வர வேண்டும். காற்றரசன் வாய் திறந்துவிட்டால், மலர்முடி சூடியவர் கிண்ணத்தில் குடித்து முடிக்கும்வரை சபையில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர்கள் தாத்தா காலத்துச் சட்டம் அது. மீறினவர்களை நான் பார்த்ததில்லை.

மலர்முடி கட்டுகிறவளும் நான்தான். சிவப்புப் பட்டில் திண்டு தைத்து, அதன்மேல் ரோஜாவும் ரோஸ்மேரித் தழையும் வைத்துக் கட்ட வேண்டும். கோல்காரர் ரகசியமாக ஒரு நூல் கொண்டுவந்து தருவார், அதுதான் புதுத் தலைவரின் தலையளவு. கிரிம்வேடின் நூல் வந்தபோது, இது தலையா மிடாவா என்று கேட்டேன். அவ்வளவு பெரிசு. அளந்து, அளவு பிசகாமல் கட்டிக் கொடுத்தேன்.

விருந்து நாள் வந்தது. மன்றத்தின் கீழ்க்கோடியில் மரத்தட்டி மறைப்பு ஒன்று இருக்கும், அதன் பின்னால் நாங்கள் இருவரும். கடைசி நேரத்தில் ஒரு சிறகு தொங்கியதால் கையில் ஊசியோடு நின்று தைத்துக்கொண்டிருந்தேன். தட்டியின் துளை வழியாக எனக்கு எல்லாம் தெரியும். முகமூடி போட்டிருந்த அவருக்கு நிறம் மட்டும் மங்கலாகத் தெரியும், மற்றதற்கெல்லாம் காதுதான் வழி.

பழைய தலைவர் ஓக்டன் நல்ல மனிதர், ஒயின் என்றால் இன்னும் நல்ல மனிதர். அன்று மூன்று மேசை தாண்டுவதற்குள் மூக்கு ரோஜா நிறமாகிவிட்டது. அப்படியே ஆடி அசைந்து கீழ்க்கோடிக்கு வந்தார். கீழ்க்கோடியில்தான் சைலஸ் ஃபென்னர் உட்கார்ந்திருப்பார். சங்கத்திலேயே வயதில் மூத்தவர், வசதியில் கடைசி. இன்றும் தன் கையாலேயே தோல் வெட்டித் துருத்தி தைத்துப் பிழைக்கிறவர். ஒவ்வொரு வருஷமும் அவர் தலையில் மலர்முடியை வைப்பார்கள், அது மூக்குவரை இறங்கும் அல்லது உச்சியில் குந்தும், சபை விழுந்து விழுந்து சிரிக்கும். அவரும் கூடவே சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் தட்டித் துளை வழியே பல வருஷம் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

எந்நேரமும் கம்பளிக் குல்லாவுக்குள் இருக்கும் ஃபென்னரின் தலையும் கிரிம்வேடின் தலையும் ஒரே அளவு என்று யாருக்குத் தெரியும்? ஓக்டன் குல்லாவைக் கழற்றிவிட்டு மலர்முடியை வைத்தார். அது அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. உண்மையில் அளவெடுத்துத் தைத்ததுதானே, தலைதான் வேறு. ஓக்டன் ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அட, பொருந்தியது!” என்றார்.

கோல்காரர் வாழ்நாளெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்று பழகினவர். கை தானாகக் கோலைத் தட்டிவிட்டது. எக்காளக்காரனும் ஊதிவிட்டான். நான் இறகைப் பிடித்து இழுப்பதற்குள் என் வீட்டுக்காரர் தட்டிக்கு வெளியே போய்விட்டார். ஊசி சிறகிலேயே போய்விட்டது.

எக்காளம் ஓய்ந்தது. முகமூடிக்குள் இருந்து ரோஜா வண்ணம் எங்கே தெரிகிறதோ அங்கே போய் நின்றார். துருத்தியை ஒருமுறை அமுக்கிவிட்டுக் குரலை எடுத்தார்:

வடக்கே இருந்து வாடையாய் வந்தேன்,
கிடக்கும் கரியைக் கிளப்பி எழுப்பினேன்;
உலைக்களம் எங்கும் உயிரென நுழைந்தேன்,
அலைகடல் மீதில் அரசெனத் திரிந்தேன்!

என்ன குரல் அது! ஆணி நிறுக்கும் ஆளுடையது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பதவியில் இருப்பவர்கள் உட்காரும் மேல்மேசையில் கிரிம்வேடின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், யாரும் பேச முடியாது. தொலைந்தோம் என்று நினைத்தேன். இந்த வரிகள் முடிந்ததும் முகமூடியைக் கழற்றி, தலைவரைக் கண்ணோடு கண் பார்த்துப் புகழ வேண்டும். அதுதான் முறை.

கழற்றினார். எதிரே சைலஸ் ஃபென்னர். தலையில் மலர்முடி. கிழவர் சிரிக்கவில்லை. இந்த ஒரு வருஷம் அவர் சிரிக்கவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி, பயந்துபோய், யாரோ தன் வீட்டுக் கதவைத் தட்டி நல்ல சேதி சொல்ல வந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். சபை சிரித்திருக்கும், ஃபென்னரும் வழக்கம்போல் சிரித்திருப்பார், மலர்முடியைக் கழற்றிக் கொண்டுபோயிருப்பார்கள். நூறு கப்பலும் உரியவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஜெர்வாஸ் ஒரு மூச்சு நின்றார். அந்த முதுகை எனக்குத் தெரியும். பயந்த முதுகு இல்லை அது. நூறு கப்பலையும் அங்கேயே மூழ்கடித்துவிட்டு, எழுதாத வரிகளை எடுத்தார்:

ஊசி ஒருகையில், உலர்ந்ததோல் மறுகையில்,
வாசல் விடியுமுன் வந்தமரும் பெரியவரே!
குளிர்ந்த வீடெல்லாம் கூப்பிட்டது யார்பெயரை?
வளர்ந்த தீயெல்லாம் வாங்கியது யார்மூச்சை?

இன்னும் சொன்னார். லண்டனில் ரொட்டி சுடும் அடுப்பு, இரும்பு காயும் உலை, குளிர்காலத்தில் பிள்ளை பெற்றவளின் அறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அங்கெல்லாம் இந்த மனிதர் தைத்த துருத்தி மூச்சு விடுகிறது என்றார். மேசைகளில் இருந்தவர்கள் சிலர் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஃபென்னர் தலையிலிருந்த மலர்முடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் அழுதேன், மூக்கைத் துடைக்கக் கையில் சிறகும் இல்லை.

இனிக் கிண்ணம். இரண்டு கைப்பிடி உள்ள பெரிய கிண்ணம் அது, இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். கை இரண்டும் மாட்டிக்கொண்ட நேரத்தில் எவனாவது பின்னால் வந்து குத்திவிடக் கூடாது என்று, குடிப்பவர் முதுகுக்குக் காவலாக ஒருவர் நிற்பது வழக்கம். மலர்முடி சூடியவருக்குக் காவல் நிற்க வேண்டியவர் மூத்த துணைத்தலைவர். அவர் யார்? சாட்சாத் கிரிம்வேடு. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் எதையாவது மழுப்பியிருப்பார்கள். என் ஆள் மேல்மேசைப் பக்கம் திரும்பி, கையை நீட்டிச் சொன்னார்:

கிண்ணம் எடுங்கள், பெரியவரே! பின்னால்
திண்ணமாய் நிற்கத் தலைவர் வருவார்!

தலைவர் என்று சொல்லியாகிவிட்டது, மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மரியாதை வேண்டுமானால் எழுந்து மன்றத்தின் கீழ்க்கோடிவரை நடந்து வரவேண்டும். வந்து ஒரு ஏழைத் துருத்திக்காரரின் முதுகுக்கு நிற்க வேண்டும். வராவிட்டால் பாட்டும் போச்சு, நாங்களும் போச்சு. அடப் பாவி மனுஷா, என்ன காரியம் பண்ணினாய் என்று தட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கிரிம்வேடு உட்கார்ந்தே இருந்தார். பிறகு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. கறுப்புச் சட்டை மொரமொரக்க, யாரையும் பார்க்காமல், மேசை மேசையாகத் தாண்டி வந்தார். ஃபென்னரின் பின்னால் போய் நின்றார். கிழவர் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார், பாதி தாடியில் வழிந்தது. குடித்து முடித்துக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். தன் தலையிலிருந்த மலர்முடியைத் தானே எடுத்து, எக்கி நின்று, கிரிம்வேடின் தலையில் வைத்தார்.

“எனக்குப் பொருந்துச்சுங்க. உங்களுக்கும் பொருந்தும்” என்றார்.

கூரை பெயர்ந்துவிடும் என்று நினைக்கிற அளவுக்குக் கை தட்டினார்கள். ஓக்டன் இதெல்லாம் தன் யோசனை என்பதுபோல் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இனிப்பு பரிமாறும் நேரத்தில் கிரிம்வேடு மறைப்புக்குப் பின்னால் வந்தார், தலையில் மலர்முடியோடு. நான் சிறகுக்குள் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன். இதோ வந்துவிட்டது தலையணை என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“எனக்குன்னு ஒண்ணு எழுதியிருந்தீங்களாமே.”

“இருக்குங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“அது எங்கே? சொல்லுங்க, கேப்போம்.”

“தட்டிக்குப் பின்னால நின்னெல்லாம் சொல்றதில்லைங்க. நாலு பேர் சாப்பிடுற சபை வேணும்.”

நான் அவர் காலை மிதித்தேன். அவர் அசையவில்லை. கிரிம்வேடு மலர்முடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசியில், இலையுதிர்கால விருந்து ஒன்று வரும், அதில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் போனதும் ஜெர்வாஸ் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாரக்கணக்கில் அந்த முகத்தோடு சாப்பாடு போட வேண்டியிருந்தது.

இலையுதிர்கால விருந்தும் வந்தது. புதுச் சிறகு, புது முகமூடி. நூறு கப்பலும் வரிசையாகக் கரையேறின, பண்டகம் ஓங்கியது, குரலிலும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் கை தட்டினார்கள். கிரிம்வேடு முழுக்கக் கேட்டார். விருந்து கலைந்ததும் எங்களிடம் வந்து நின்றார்.

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு ஃபென்னருக்குச் சொன்னது இதைவிட நல்லாருந்துச்சே, ஏன்?”

“அதுல பொய் கம்மிங்க” என்றார் ஜெர்வாஸ். இந்த வாய் ஒரு நாள் எங்களைச் சந்தியில் நிறுத்தும் என்று நினைத்தேன்.

“அப்ப எனக்குப் பொய் இல்லாம சொல்லணும்னா?”

“ஃபென்னரை மாதிரி நீங்களும் ஊசி எடுக்கணுமேங்க” என்று சிரித்தார் என் ஆள்.

கிரிம்வேடு சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மொரமொரத்த சட்டைக்கை இரண்டையும் மேலே தள்ளிவிட்டு, உள்ளங்கையைத் திருப்பி மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீட்டினார். கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுவரை வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளித் தழும்பு. தோல் தைக்கும் ஊசி வழுக்கி ஏறினால் வருகிற தழும்பு, நான் தைப்பவள், எனக்கா தெரியாது? அவற்றின் அடியில் பழைய தழும்பும் அதற்கும் அடியில் இன்னும் பழையதும் இருந்தன.

“சின்ன வயசுல ஃபென்னர் தைச்ச பட்டறையில பக்கத்துப் பலகை என்னுது. கப்பல் அப்புறம் வந்தது” என்றார்.

காற்றரசன் சிறகெல்லாம் தொங்க, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பழைய கொட்டகையில் ராணியாய் வந்து குனிவாரே, அப்படித் தலை தாழ்த்தினார்.

“அடுத்த விருந்துக்குச் சரியாச் சொல்றேங்க” என்றார்.

“சொல்லுங்க” என்று சட்டைக்கையை இறக்கிக்கொண்டு கிரிம்வேடு போய்விட்டார்.

ஜெர்வாஸும் நானும் வீட்டுக்கு நடந்தோம். பாலம் தாண்டிய பிறகு, “சட்டையைப் பார்த்து எழுதிட்டேன், டாமரிஸ்” என்றார். அதற்கப்புறம் எந்தத் தலைவருக்குப் பாட்டு எழுதுவதானாலும், முதலில் ஏதாவது சாக்குச் சொல்லி அவர் பட்டறைக்குப் போய்க் கையைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கிரிம்வேடு இருந்தவரை எந்த விருந்திலும் பாட்டு நிற்கவில்லை. வேதத்தில் ஓர் அதிகாரமும் வாசித்தார்கள், ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால்.